பதினோராம் பாத்தியின் தூதுவளை

கடிதம் ஒட்டப்பட்டிருந்தது ஒரு வியாழக்கிழமை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் காலை ஷிஃப்டை முடித்துவிட்டு, தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ரயிலில் தூங்கிக்கொண்டே வந்து, பூன் லேயில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே குடியிருப்பாளர் தோட்டத்துக்கு வருவது பூவம்மாவின் வழக்கம். அன்றும் அப்படித்தான் வந்தாள். பதினோராம் எண் பாத்தியின் மரச்சட்டத்தில், மழை படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நான்கு மூலையிலும் நாடா ஒட்டி, ஒரு தாள் அவளுக்காகக் காத்திருந்தது. மேல் பாதி ஆங்கிலம், கீழ்ப் பாதி தமிழ்.

“தோட்ட விதி ஒன்பதின்படி, தங்கள் பாத்தியில் வளரும் முட்செடியை வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குள் அகற்றுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். தவறினால் பாத்தி வேறொருவருக்கு ஒதுக்கப்படும்.”

கீழே தோட்டக் குழுத் தலைவர் தனசேகரனின் கையெழுத்து. ஓய்வுபெற்ற ஆசிரியர். கையெழுத்துகூடக் கரும்பலகையில் போட்டது மாதிரி இருந்தது.

பூவம்மா இரண்டு பாதியையும் படித்தாள். ‘அன்புடன்’ என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். பிறகு கடிதத்தை ஒட்டிய இடத்திலேயே விட்டுவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அந்தப் பாத்தி ஒரு பாயை விரித்தால் அடங்கிவிடும் அளவு. இரண்டு வருடத்துக்கு முன், ஐம்பத்தெட்டாவது வயதில், குலுக்கலில் அவளுக்குக் கிடைத்தது. அதுவரை அவள் பெயரில் மண் என்று ஒரு கைப்பிடிகூட இருந்ததில்லை. கீரை போட்டாள், வெண்டை போட்டாள், அவையெல்லாம் பூச்சிக்கே சரியாக இருந்தன. கடைசியில் ஊன்றிய தூதுவளைதான் அவளுக்கு ஈடுகொடுத்தது. கொடியாகவும் இல்லாமல் புதராகவும் இல்லாமல், வளைந்த முள்ளைக் கொக்கி மாதிரி போட்டுப் போட்டுச் சட்டத்தின்மேல் ஏறிக்கொண்டது. தண்டில் முள், காம்பில் முள், இலையைத் திருப்பினால் நடு நரம்பிலும் முள். அதற்கு நடுவே ஊதாப் பூவும் குண்டுமணிபோலச் சிவந்த பழமும்.

அது நர்சரியில் வாங்கிய செடியும் அல்ல. ஜாலான் புசாரில் நெய்னா முகம்மது வைத்திருக்கும் ஆணி, பூட்டுக் கடையின் பின்சந்தில், சாக்கடை விளிம்பு வெடிப்பில், யாரும் வைக்காமல் தானே முளைத்திருந்தது. அவர் அரிவாளும் கையுமாக நின்ற நேரத்தில் பூவம்மா பூட்டு வாங்கப் போயிருந்தாள். “பாய், ஒரு நிமிஷம்” என்று சொல்லி, வேரோடு ஒரு தண்டைப் பிடுங்கிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் ஏழு இடத்தில் கீறல்.

காலி செய்யச் சொல்லும் கடிதம் அவளுக்குப் புதிதல்ல. அப்பா துப்புரவுத் தொழிலாளி. தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவள். அவளுக்கு ஒன்பது வயதில் அங்கே சாலை வரப்போகிறது என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு வாடகை வீட்டுக்கு ஒன்று. கல்யாணமாகிப் போன வீட்டில், கட்டடம் பழசாகிவிட்டது என்று ஒன்று. ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட நல்ல வீடுதான் கிடைத்தது, அதை அவள் மறுக்கமாட்டாள். ஆனால் போகிறாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. எப்போது போகிறாய் என்றுதான் கேட்டார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார், பிறகு புருஷன் போட்டான். இப்போது அப்பாவும் இல்லை, புருஷனும் இல்லை. இந்தக் கடிதம் நேராக அவள் பெயருக்கே வந்திருக்கிறது.

மறுக்கவே தெரியாதவள் என்றும் சொல்ல முடியாது. முப்பத்து நாலு வயதில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி உரிமத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, சொல்லிக்கொடுக்க வந்தவர் அவள் உயரத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, ஸ்டியரிங் எட்டுமா” என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடமாகிறது. உறை மாறியிருக்கிறது, தலையணை அதேதான்.

கிடங்கில் அவள் வேலை குளிர் அறைப் பக்கம். பழம், மீன், பூ எல்லாம் விமானத்திலிருந்து இறங்கி அங்கேதான் வரும். எலும்பு விறைக்கும் குளிருக்குள் போய், அடுத்த நிமிடம் தார் உருகும் வெயிலுக்கு வர வேண்டும். நெஞ்சில் சளி கட்டாத ஆளே அந்தப் பிரிவில் கிடையாது. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் அவள் போட்டுக்கொள்வாள். ஆனால் வாரம் இரண்டு நாள், தூதுவளை இலையின் முள்ளை நகவெட்டியால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, நெய்யில் வதக்கி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் வைத்து ஃபிளாஸ்கில் கொண்டுபோவாள். மிஞ்சிய இலை உளுத்தம்பருப்போடு துவையலாகும், இல்லாவிட்டால் தோசை மாவில் சேரும். பிலிப்பினோ மேற்பார்வையாளர் அந்த ரசத்துக்கு ‘ஸ்பைசி டீ’ என்று பெயர் வைத்துவிட்டார். பத்து மணி இடைவேளையில் ஐந்தாறு காகிதக் கோப்பைகள் அவள் வண்டியைச் சுற்றி நீளும். குணமாகிறதா என்று கேட்டால், “குடிச்சா தொண்டை திறக்குது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்பாள்.

கடிதச் செய்தி அவள் வீடு இருக்கும் மாடிக்கு அவளுக்கு முன்னால் போய்விட்டது. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் சுதா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கோயம்புத்தூர்க்காரி, வங்கியில் கணினி வேலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலை அனுமதி அட்டை புதுப்பிக்கும் மாதத்தில் சாப்பாடே இறங்காதவள்.

“அக்கா, பேசாம வெட்டி எறிஞ்சிருங்க. லெட்டர்னாலே எனக்குப் பயம்.”

“லெட்டர் உனக்கா வந்துச்சு?”

“இல்லதான். ஆனா கம்ப்ளெய்ன்ட், ரூல்னெல்லாம் போட்டிருக்காங்களாமே. எதுக்கு வம்பு?”

“என்னைய எங்கடி அனுப்புவாங்க? மிஞ்சிப் போனா பூன் லேக்கு. நான் அங்கதான் இருக்கேன்.”

சுதா சிரிக்கவில்லை. “பாத்தி போயிடும்க்கா. வெயிட்டிங் லிஸ்ட்ல அறுபது பேர் நிக்கிறாங்க. போனா போனதுதான்.”

அது மட்டும் பூவம்மாவைத் தைத்தது. போனால் போனதுதான். அடுத்த குலுக்கலுக்கு அவளுக்கு என்ன வயதாகியிருக்கும் என்று எண்ணிப்பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனசேகரனைத் தோட்டத்தில் பிடித்தாள். அவர் தன் ரோஜாக்களுக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோட்டப் போட்டி நடுவர்கள் வருகிறார்கள். ஒரு வாரமாக அவர் தரையில் நடக்கவில்லை.

“பூவம்மா, தப்பா நினைக்காதீங்க. போன வாரம் சுத்திப் பார்க்கும்போது உங்க செடி என் பேண்ட்டைக் கிழிச்சிருச்சு. புதுசு. ஞாயித்துக்கிழமை நடுவர் பேண்ட்டு கிழிஞ்சா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.”

“எங்க சார் கிழிஞ்சுது?”

அவர் கை தன்னையறியாமல் பின்பக்கம் போனது.

“அது காட்டுச் செடிங்க,” என்றார் பிறகு. “சாக்கடை ஓரத்துல வர்றது. எல்லா இனத்தவரும் வந்து பார்க்கிற தோட்டத்துல, தமிழங்க பாத்தியில போய் இந்தப் புதரா?”

பூவம்மா தன் பாத்திப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். “விதி ஒன்பதுல என்ன சார் எழுதியிருக்கு?” என்று கேட்டாள்.

“முள் உள்ள செடிகள் கூடாது.”

“எந்த முள்ளும் கூடாதா?”

“எந்த முள்ளும் கூடாது. விதின்னா விதிதானே.”

“சரி சார்.”

அவள் சரி என்றதை அவர் செடியை வெட்டுவதற்கான சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அங்கேதான் பிசகியது.

சனிக்கிழமை அவளுக்கு விடுப்பு. முந்தின நாளே, தனசேகரனிடம் பேசிய கையோடு, ரயிலேறி ஜாலான் புசார் போய் வந்திருந்தாள். பொட்டலம் கட்டும் சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிறு, பெரிய உருண்டையாக ஒன்று கேட்டாள்.

“இவ்வளவு கயிறு எதுக்கும்மா? யாரைக் கட்டிப்போடப் போறே?” என்றார் நெய்னா முகம்மது.

“உங்க சந்துச் செடிக்காகத்தான் பாய்.”

“அது இன்னும் உயிரோட இருக்கா? இங்க வந்து பாரு. நான் மூணு தடவை வெட்டிட்டேன், மறுபடி வந்து நிக்குது. இப்ப நானும் விட்டுட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் பாட்டுக்கு ஆணி விக்கிறேன்.”

சனிக்கிழமை விடிந்ததும் கயிறும் கத்தரிக்கோலுமாகத் தோட்டத்துக்கு வந்தாள். முதல் முடிச்சைத் தன் தூதுவளையில் போட்டாள். பிறகு முதல் பாத்தியிலிருந்து வரிசையாக ஆரம்பித்தாள். அவளுடைய கணக்கு எளிது: விரலால் தொட்டுப் பார்ப்பது, குத்தினால் ஒரு சிவப்பு முடிச்சு, குத்தாவிட்டால் அடுத்த செடி. எலுமிச்சை குத்தியது. லிமாவ் பூருட் என்ற மலாய் எலுமிச்சை குத்தியது. அன்னாசியின் இலை விளிம்பு அறுத்தது. டிராகன் பழக் கள்ளி, சோற்றுக்கற்றாழை, முள்கத்தரி எல்லாம் குத்தின. தனசேகரனின் ரோஜாக்கள் ஒன்பதும் குத்தின. ஒன்பதுக்கும் தனித்தனியாகக் கட்டினாள். வெயில் ஏறியபோது இருபத்து நான்கு பாத்திகளில் பதினேழில் சிவப்பு தொங்கியது. தோட்டம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

முதலில் வந்தது நான்காம் பாத்திச் சீனப் பெண்மணி சுவீ லியான். அவருடைய லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சைச் செடியில் காய் குலுங்கியது. வாரம் தவறாமல் அதைப் பறித்து மீ கோரெங் நூடுல்ஸ்மேல் பிழிவார்.

“பூவா, வை மை லிமாவ்? வாட் டிட் இட் டூ யூ லா?”

“எனக்கு ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி. ரூல் நைன். தோர்ன் கேனாட். நாளைக்கு எட்டு மணிக்குள்ள வெட்டணுமாம். மிஸ்டர் சேகரைக் கேளுங்க.”

சுவீ லியான் அவளை முறைத்த முறைப்பில் நட்பு ஒன்றும் இல்லை. செடியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கைபேசியை எடுத்தார். அரை மணி நேரத்தில், அவரோடு சேர்த்துப் பதினைந்து பாத்திக்காரர்கள் வந்துவிட்டார்கள். முதலில் எல்லாருக்கும் கோபம் பூவம்மாமேல்தான். காலையிலேயே வந்து அடுத்தவர் செடியில் கை வைக்க இவள் யார் என்று ஒருவர் கேட்டார். அவள் கீறல் விழுந்த கையை நீட்டிக் காட்டினாள்.

“உங்க செடிதான் என் மேல கை வச்சுது.”

தனசேகரன் வேகவேகமாக வந்தார். தன் ரோஜா வரிசையைப் பார்த்ததும் வேகம் குறைந்தது.

“என்னம்மா இது விளையாட்டு?”

“நீங்க சொன்னதுதான் சார். எந்த முள்ளும் கூடாதுன்னு. மறந்து யாரையாவது விட்டுட்டேனான்னு நீங்களே ஒரு தடவை பார்த்துருங்க.”

“விதியோட நோக்கம் அது இல்ல. ரோஜா அழகுக்கு. எலுமிச்சை சமையலுக்கு.”

“தூதுவளை வெறகுக்கா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் விடவில்லை. சரி, விதி என்றால் விதிதான், ரோஜாவையும் தொட்டிக்கு மாற்றி எடுத்துப் போய்விடுகிறேன், எல்லாரும் அப்படியே செய்யுங்கள் என்று சொல்லக்கூடத் துணிந்தார். மனிதருக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று பூவம்மா நினைத்துக்கொண்டாள். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

“அப்ப அதையும் சேர்த்துக்குங்க சார்.”

வாசல் வளைவில் காகிதப்பூச் செடி பந்தலாகப் படர்ந்திருந்தது. விரல் நீள முள். அடியில் பித்தளைத் தகடு: ஆறு வருடத்துக்கு முன் தோட்டத்தைத் திறந்துவைக்க வந்த முக்கிய விருந்தினர் தம் கையால் நட்டது என்று பெயரும் தேதியும் பொறித்திருந்தது. அதன் உச்சியில் எல்லாவற்றையும்விடப் பெரிய சிவப்பு முடிச்சு ஆடிக்கொண்டிருந்தது. ஏணி போட்டுக் கட்டியிருந்தாள்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தச் செடியில் கத்தரி வைப்பதற்கு யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும், எத்தனை படிவம் நிரப்ப வேண்டும் என்றுகூட அங்கே ஒருவருக்கும் தெரியாது.

“அது விருந்தினர் நட்டது,” என்றார் தனசேகரன், மெதுவாக.

“யார் நட்டதுன்னு முள்ளுக்குத் தெரியாது சார். இங்க பாருங்க, ரத்தம்.”

சுவீ லியான் இடுப்பில் கை வைத்தார். “டுமோரோ நீ ஹெர் பிளான்ட் கட், மை லிமாவ் கட், தட் ஒன் நோ கட்? நோ லா, மிஸ்டர் சேகர். எல்லாம் கட், ஆர் எல்லாம் டோன்ட் கட்.” கோபம் இப்போது பக்கம் மாறியிருந்தது. பதினைந்து பேரும் தனசேகரனைப் பார்த்து நின்றார்கள்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “பூவம்மா, ஒண்ணு பண்ணலாம். உங்க செடியப் பின்னால, உரக்குழி பக்கம் மாத்திக்குங்க. பாத்தி உங்களுக்கே இருக்கட்டும்.”

வியாழக்கிழமை இதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பாள். மறுநாள் ரயிலில் வரும்போது இப்படி ஏதாவது சொல்லமாட்டார்களா என்று நினைத்ததும் உண்டு. இப்போது அந்த வார்த்தை காதில் விழுந்ததும், ஒன்பது வயதில் பாய், தலையணைகளோடு லாரியில் ஏறி உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது.

“மாட்டேன் சார்.”

“மாட்டேன்னா?”

“பின்னால நிழல். அதுக்கு வெயில் வேணும். உங்க பேண்ட்டு கிழிஞ்சது என் தப்பு. கொடிய உள்பக்கமாத் திருப்பிக் கம்பி கட்டி விடுறேன், பாதைக்கு ஒரு இலை வராது. பேண்ட்டக் கொடுத்து விடுங்க, நானே தச்சுத் தர்றேன். அது நியாயம். ஆனா செடி நகராது. ஒட்டின லெட்டர நீங்க எடுங்க, கட்டின கயித்த நான் எடுக்கிறேன்.”

தனசேகரன் பதினோராம் பாத்திவரை நடந்து போனார். குனிந்து நான்கு மூலை நாடாவையும் நகத்தால் கிளப்பி எடுத்தார். நன்றாகத்தான் ஒட்டியிருந்தார், நேரம் பிடித்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனவரிடம் பூவம்மா கையை நீட்டினாள்.

“என் பேருக்கு வந்தது சார்.”

கொடுத்தார்.

முடிச்சுகளை அவிழ்க்க மதியம் வரை ஆனது. சுவீ லியான் உதவினார், ஆனால் பேசவில்லை. லிமாவில் கட்டியதை மன்னிக்க அவருக்கு இன்னும் இரண்டு வாரம் பிடிக்கும். காகிதப்பூ உச்சியில் போட்ட முடிச்சு முள்ளுக்குள் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. அதை அப்படியே விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். வாசல் சிவப்பு முடிச்சை அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு தனசேகரன் பாத்தி பாத்தியாக வந்தார். போட்டிக்காக வாரம் முழுக்க எல்லாரிடமும் பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

பூவம்மா பதினோராம் பாத்தியின் சட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கடிதத்தை விரித்திருந்தாள். ஒரு கையில் தூதுவளை இலை, மறுகையில் நகவெட்டி. நறுக்கிய முள் ஒவ்வொன்றும் தாளின்மேல், தமிழ்ப் பாதியில், சின்னச் சத்தத்தோடு விழுந்தது. பக்கத்தில் ஃபிளாஸ்கும் ஒரு காகிதக் கோப்பையும்.

“இது சாப்பிடலாமா?” என்று ஒரு பெண் நடுவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“முள்ள எடுத்துட்டா சாப்பிடலாம்,” என்று கோப்பையில் ரசத்தை ஊற்றி நீட்டினாள். அந்த அம்மாள் குடித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

தனசேகரன் ஃபிளாஸ்கைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். இன்னொரு முறையும் கனைத்தார்.

பூவம்மா மூடியைத் திருகி இறுக்கினாள். அவருக்கு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.