இடுப்பில் பதிந்த லாடம்

மாமாவைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது வேட்டியை அவிழ்த்தார்கள். வலது இடுப்பில் பாதி நிலா மாதிரி ஒரு தழும்பு. தண்ணீர் ஊற்ற வந்த பங்காளிகள் மாட்டுக் குளம்படி என்று பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியும், அது பூட்ஸின் குதிங்காலில் அடித்திருந்த இரும்பு லாடம். பாகிஸ்தான் சண்டை நடந்த வருஷம் பதிந்தது.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். எங்களுக்குக் கல்லங்குறிச்சிப் பக்கம், அவருக்குக் குரும்பலூர். இரண்டு பக்கத்திலும் அடுத்தவர் வயலில்தான் எங்கள் பாடு. மாமா கவலை ஓட்டுவார். இப்போது பிறந்தவர்களுக்கு அது தெரியாது. மாடு இரண்டும் சரிவில் இறங்க, வடம் இழுபட்டுக் கிணற்றிலிருந்து தோல் சால் நிறைந்த தண்ணீரோடு மேலே வரும். மாடு மட்டும் இழுத்தால் மாடு செத்துப்போகும். அதனால் ஓட்டுகிறவர் எம்பி வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். ஆள் கனமும் சேர்ந்து இழுக்கும். மாமா அதில் உட்காருகிற அழகைப் பார்க்க ஆட்கள் நிற்பார்கள். வாயில் வெற்றிலை, ஒரு கை மாட்டு வாலில், ஏதோ கல்யாணக் குதிரையில் போகிற மாதிரி.

அந்த வருஷம் மழை இல்லாமல் கிணறு தூர்ந்த மாதிரிக் கிடந்தது. ஹார்பரில் சண்டைக் கப்பல்கள் வருகின்றன, கயிறு பிடிக்கவும் மூட்டை ஏற்றவும் ஆள் வேண்டும் என்று ஒருவர் வந்து கூப்பிட்டார். அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அக்கா நிறைமாசம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு கோவக்காரருடா. யாரையாச்சும் வெட்டிப்புட்டு ஜெயிலுக்குப் போயிடுவாரு. நீ கூடவே இருந்து கூட்டியா" என்றாள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

கப்பல் கரையை ஒட்டும்போது மேலிருந்து கயிறு வீசுவார்கள். தொடை கனம் இருக்கும். அதை இழுத்துவந்து கரையில் நட்டிருக்கும் இரும்புக் குத்துக்கல்லில் மாட்ட வேண்டும். எங்களுக்கு ஒரு மேஸ்திரி, கடலோரத்து ஆள். வாயால் சொல்லமாட்டார். ஈரக் கயிற்று நுனியால் முதுகில் போடுவார். ஒருவன் தாமதித்தால் லாடம் அடித்த பூட்ஸால் உதைப்பார். எதற்கு அடித்தார் என்று அடி வாங்கியவனுக்குத் தெரியாது. ஒரு நாள் அந்தக் கயிறு பட்டு மாமாவின் காது மடல் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியபோதுகூட மேஸ்திரி சிரித்தார். "ஏய் கவலைக்காரா, கெணத்த ஊர்லயே வெச்சுட்டு வா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து மாமா இடுப்பில் கருக்கருவாள் இருந்தது. நம் ஊரில் கதிர் அறுக்கிறது, பல் பல்லாக இருக்குமே, அதுதான். "இன்னொரு தடவ என் மேல கால வெக்கட்டும் மாப்ள. அந்தக் கால் அங்கயே கெடக்கும்" என்றார். நான் அக்காவைச் சொல்லிப் பார்த்தேன். காது கொடுக்கவில்லை. அதன்பிறகு எனக்குக் கப்பலே கண்ணில் படவில்லை. மாமாவின் கையையும் மேஸ்திரியின் காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் நல்ல காற்று. சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் அவசரமாக வந்தது. குண்டு ஏற்றிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டுமாம். கயிற்றை மாட்டிவிட்டோம். கப்பலில் இருந்த எந்திரம் கயிற்றைச் சுருட்டி இழுக்கிறது, காற்று கப்பலை வெளியே தள்ளுகிறது. கயிறு விறைத்து முனகியது. தண்ணீர் சொட்டிக்கொண்டு கிணற்று வடம் மாதிரியே நடுங்கியது. மாமா யோசித்தெல்லாம் செய்யவில்லை. பாரம் ஏறுகிறது என்று கண்டதும் எம்பி அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி ஓடிவந்தார். "எறங்குடா நாயே" என்று ஒரு சத்தம், அதோடு இடுப்பில் ஓர் உதை. மாமா நான் நின்ற இடத்துக்கு உருண்டு வந்தார். எழுந்தபோது அருவாள் கையில். நான் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன், முழங்கையால் என் மூக்கில் இடித்துத் தள்ளிவிட்டு ஓர் எட்டு வைத்தார். அப்போது கயிறு அறுந்தது.

பீரங்கி வெடித்த மாதிரிச் சத்தம். அறுந்த முனை வந்ததை யாரும் பார்க்கவில்லை. மாமா உட்கார்ந்திருந்த இடத்தில் மேஸ்திரி நின்றிருந்தார். அடுத்த கணம் தூரத்தில் கிடந்தார். நெஞ்சு உள்ளே போயிருந்தது. ஒரு கை உடம்போடு இல்லை. மாமா அருவாளைப் போட்டுவிட்டு ஓடி, தன் வேட்டியைக் கிழித்து அந்தத் தோளை அழுத்திப் பிடித்தார். ரத்தம் நிற்கவில்லை. அந்தத் தலையை மடியில் வைத்து, "ஏன்யா ஒதச்ச? சொல்லுய்யா, ஏன்யா ஒதச்ச?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேஸ்திரி வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது.

சண்டைக்காலம். கப்பல் காத்திருக்காது. மேலிருந்து வேறு கயிறு வீசினார்கள். யாரோ குழாயைத் திறந்து தரையைக் கழுவிவிட்டார்கள். ரத்தம் காயாத கையோடு மாமாதான் அந்தக் கயிற்றையும் இழுத்து மாட்டினார்.

சண்டை முடிந்தபின் அதே கப்பல் கொடித் தோரணத்தோடு திரும்ப வந்தது. ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு ஏறிப் பீரங்கியைத் தொட்டுப் பார்த்தார்கள். மாமா ஏறவில்லை. குத்துக்கல் பக்கத்தில் நின்றுவிட்டு, "ஊருக்குப் போவோம் மாப்ள" என்றார். அக்காவிடம் கூட்டிவந்து விட்டேன். பெண் குழந்தை பிறந்திருந்தது.

ஊரில் மறுபடி கவலை ஓட்டினார். ஆனால் வடத்தில் உட்காரவில்லை. மாட்டோடு நடந்தார். மாட்டைக் கொல்லுகிறாய் என்று கிணற்றுக்காரர் திட்டினார். ஒரு நாள் மாமாவுடைய பங்காளி ஒருவன், இளவட்டம், வேடிக்கையாக ஓடிவந்து வடத்தில் உட்கார்ந்தான். மாமா அவன் இடுப்பில் உதைத்த உதையில் வாய்க்கால் கல்லில் விழுந்து இரண்டு பல் போனது. அவன் ஆட்கள் மாமாவைப் புளியமரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். பஞ்சாயத்தில் காரணம் கேட்டதற்கு, "ஒக்காந்தான். ஒதச்சேன்" என்றார். நான் சொல்ல வாயெடுத்தேன். மாமா என்னை முறைத்துப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். பிறகு கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்தது. அந்தப் பங்காளி மட்டும் மாமாவோடு பேசவே இல்லை.

செத்த வீட்டுக்குப் பங்காளி வராமல் இருக்க முடியாது. அவரும் வந்திருந்தார். இப்போது பல் ஒன்றும் இல்லாத கிழவர். குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தவர் அந்தத் தழும்பில் கையை நிறுத்தி, "இது மாட்டுக் குளம்பு இல்லியே" என்றார். இனி முறைத்துப் பார்க்க மாமா இல்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடத்தைக் கீழே வைத்தார். வேட்டி மடிப்பை நகர்த்தித் தன் இடுப்பைத் தடவித் தடவித் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. மாமா வெறுங்காலால்தான் உதைத்தார்.