ஆளுக்கொரு கம்பு

எனக்கு அப்போது இருபது வயது. பாலர் கல்விப் பயிற்சி முடித்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அந்த நேரத்தில் நாகர்கோவிலுக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே இருந்த ஓர் ஊரில், மாதர் சங்கத்தார் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கி டீச்சர் தேடினார்கள். திருவிதாங்கூரோடு இருப்பதா, தமிழ்நாட்டோடு சேருவதா என்று ஆண்கள் தொண்டை கட்டும்வரை பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பெண்களுக்கு இருந்த கேள்வி வேறு. நடவுக்குப் போகும்போது பிள்ளையை எங்கே விடுவது?

ஊரே திருநீறு பூசும் ஊர். நான் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண். ஒரு வாரம் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பிறகு பிள்ளைகளைக் கொண்டுவந்து தள்ளிவிட்டு ஓடினார்கள். பள்ளி நடந்தது ஒரு பழைய நெல் அறையில். கனத்த கதவு, ஒரே ஒரு சன்னல், மூலையில் எலிப் புழுக்கை. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை இருபத்திரண்டு உருப்படிகள். பிள்ளைகள் மேல் கைவைக்கக்கூடாது என்று பயிற்சியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் வாரமே ஒருவன் தொடையில் கிள்ளிவிட்டேன். அவன் அழவில்லை, "இவ்வளவுதானா?" என்பதுபோல் பார்த்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டாம் மாதம் எண்ணிக்கைப் பாடம் வந்தது. தீக்குச்சி அளவில் கொஞ்சம் குச்சிகள் இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக் கொடுக்கலாம். "நாளைக்கு வரும்போ ஆளுக்கொரு கம்பு கொண்டு வரணும் மக்கா, கேட்டியளா?" என்றேன். குச்சி என்று சொல்லியிருக்க வேண்டும். கம்பு என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் படை திரண்டு வந்தது. புளியம் விளார், பூவரசங் கம்பு, மாடு ஓட்டும் தார்க்குச்சி, குடையின் முதுகெலும்பு, தயிர் கடையும் மத்து, நுனி தேய்ந்த ஈர்க்கில் கட்டு. அவர்கள் வீட்டில் கம்பு என்றால் ஒன்றுதான். அதைத்தான் உத்தரத்திலிருந்தும் பானைக்குப் பின்னாலிருந்தும் உருவிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக வாங்கிச் சுவரில் சாத்தி வைத்தேன். ஊரின் எல்லா வீடுகளும் அந்தச் சுவரில் வரிசையாக நின்றன.

கோட்டாற்றுக் கடையில் வாங்கிய அசல் பிரம்பு ஒன்று, எண்ணெய் போட்டுப் போட்டு மின்னிக்கொண்டு வந்தது. அது ஊர்ப் பெரிய பள்ளிக்கூடத்து வாத்தியாருடையது. மகள் தூக்கி வந்துவிட்டாள். அன்று நாலாம் வகுப்பு முழுக்க அடி வாங்காமல் வீடு திரும்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இன்னொரு பிரம்பின் கைப்பிடியில் சிவப்புப் பட்டு நூல் சுற்றியிருந்தது, அடிக்கிறவர் கை நோகாமலிருக்க. அதைக் கொண்டுவந்தவன் மாதர் சங்கத் தலைவியின் கடைக்குட்டி. பள்ளித் திறப்பு விழாவில் பிள்ளைகளைப் பூப்போல வளர்க்க வேண்டும் என்று அரைமணி நேரம் பேசிய அதே தலைவிதான். அவன் என் காதோரம் வந்து, "டீச்சர், திருப்பிக் குடுத்துராதீங்க" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியாக ஒரு சிறுமி வந்தாள். நாலரை வயது, வாயாடி. பாவாடைக்குள் மறைத்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். இரும்புச் சட்டுவம்.

"இது தோசை திருப்புற சட்டுவம்லா? கம்பு இல்லியே மக்கா."

"எங்க வீட்டுல இதுதான் டீச்சர்" என்றாள். நம்பமாட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். மூன்று சூட்டுத் தழும்புகள். இரண்டு பழையவை. ஒன்று இன்னும் காயவில்லை.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். சட்டுவத்தைக் கண் மறைவாகப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். இது இங்கே இருப்பது தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்று நாலாவது சூடு என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பள்ளியை விட்டே நிறுத்திவிட்டாலும் நான் கேட்க முடியாது.

யோசித்து ஒரு காரியம் செய்தேன். கம்புகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப மாட்டேன், வேண்டியவர்கள் நேரில் வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளட்டும் என்று எல்லா வீட்டுக்கும் சொல்லியனுப்பினேன். அந்தச் சிறுமியின் அம்மாவும் பிள்ளையிடம் போகுமுன் என்னிடம் வந்தாக வேண்டும். வந்தார்கள். என்னத்துக்கு இது என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டேன். ஒருவருக்கு நாய் விரட்ட. இன்னொருவருக்கும் நாய். வாத்தியாருக்கு வெறிநாய். அந்த ஊரில் அத்தனை நாய்கள் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தலைவி மட்டும் பூனை என்றார்.

"பூனைக்கு இவ்வளவு நீளம் வேணுமா அம்மா?"

"பெரிய பூனை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சிலர் வரவே இல்லை. அந்தக் கம்புகளில் அவரைக் கொடி ஏற்றினோம்.

சட்டுவத்துக்காரி நண்பகலில் வந்தாள். இரண்டாம் போகமான கும்பப்பூ நடவு நடந்துகொண்டிருந்தது. முழங்கால்வரை சேறு, இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை. புருஷன் மலைத் தோட்டத்து வேலைக்குப் போய் இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை வந்து போயிருந்தான். அந்த வருகையின் மிச்சம்தான் இடுப்பிலிருந்தது.

"எஞ் சட்டுவம் எங்க டீச்சர்?"

"தோசை சுடவா அக்கா?" என்றேன். நாயா பூனையா என்று கேட்கத்தான் வாய் வந்தது.

"தோசையா? எங்க வீட்டுல தோச தீபாவளிக்கு தீபாவளிதான். இது பிள்ளைக்கு." அவ்வளவு பேரில் பொய் சொல்லாதவள் அவள் ஒருத்திதான். அவளே சொன்னாள். "வெளுக்கும் முன்ன நான் நடவுக்குப் போவணும். இந்தக் கைப்பிள்ளைய இவகிட்ட விட்டுட்டுத்தான் போவேன். அப்புறம் இவ இங்க வந்திட்டா எளையத பக்கத்து வீட்டுல போடுவேன். முந்தாநாளு இவ பல்லாங்குழி ஆடிட்டு இருந்திருக்கா, இது தவந்து தவந்து கொளத்துப் படியில போயி நிக்கி. நான் வரம்புல இருந்து பாத்தேன் டீச்சர். ஓடி வந்து தூக்குனேன். அதுக்கப்புறம் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியாது. கோவம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாது. அந்த நேரம் நான் எங்க போவ, சொல்லுங்க?"

பயிற்சியில் எழுதிய குறிப்பு நோட்டில் இதற்குப் பதில் இல்லை. திட்டுவதற்காகத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் வீணாயின. "இங்க வாங்க" என்றேன். "எப்ப வேணும்னாலும் பிள்ளைய இங்க கொண்டாங்க. கைப்பிள்ளையையும் நாளையிலேருந்து இங்க விடுங்க, விடியக்காலம்னாலும் சரி. பக்கத்து அறையிலதான நான் இருக்கேன்." சட்டுவத்தை அவள் மறுபடி கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மூன்று வயதுக்குக் குறைந்தால் சேர்க்கக்கூடாது என்பது சட்டம். பதிவேட்டில் மூன்று என்று எழுதினேன். பல்லே முளைக்காத மூன்று வயது. தலைவி பார்த்துவிட்டுக் கண்ணை உருட்டினார். "உங்க வீட்டுப் பூனை சொகமா இருக்கா அம்மா?" என்றேன். பதிவேட்டை மூடிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவரே தொட்டில் கட்டப் பழைய சேலை ஒன்று கொடுத்தனுப்பினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருவனந்தபுரத்திலிருந்து பார்வையிட ஓர் அம்மாள் வந்தபோதுதான் உதறல் எடுத்தது. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "இதினு மூணு வயசோ?" என்றார். "வளர்த்தி கொறவு அம்மா" என்றேன். குழந்தை ஈறைக் காட்டிச் சிரித்து அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அவர் கண்ணாடியை மீட்டுக்கொண்டு, குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், அறையில் எலிப் புழுக்கை இருப்பதாக மட்டும் எழுதிவிட்டுப் போனார்.

இதெல்லாம் செய்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் ஒவ்வொரு காலையும் அந்தச் சிறுமி வந்ததும் என் கண் முதலில் அவள் காலுக்குத்தான் போகும். கோபம் என்பது பதிவேட்டில் எழுதி அடக்கக்கூடியது அல்ல.

கும்பப்பூ அறுப்பு வந்தது. ஒரு நாள் சாயங்காலம், பிள்ளைகளெல்லாம் போன பிறகு கூட்டிக்கொண்டிருந்தேன். சட்டுவத்துக்காரி மகளை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கூலியாகக் கிடைத்த நெல்லை அவித்து வைத்திருந்திருக்கிறாள். சிறுமி அதைப் பானையோடு சாணிக்குழியில் கவிழ்த்துவிட்டாள். பத்து நாள் கஞ்சி.

"இவள உள்ள போடுங்க டீச்சர். கதவப் பூட்டுங்க. எனக்கு இப்பம் கண்ணு தெரியல்ல."

பிள்ளையை என் மேல் தள்ளினாள். நான் சிறுமியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே அவள் நடக்கிற சத்தம் கேட்டது, அங்கும் இங்கும். பிறகு சுவரோரம் தொப்பென்று உட்கார்ந்தாள். பிறகு அழுகை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து, "திறக்கட்டுமா மக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

சிறுமி கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள்.

"நில்லுங்க டீச்சர். அம்ம இன்னும் மூக்கு சிந்தல்ல. மூக்கு சிந்துனா சரியாயிருவா."

இருவரும் கதவோரம் காத்திருந்தோம். சற்று நேரத்தில் வெளியே மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. நான் தாழ்ப்பாளை முழுக்க எடுக்குமுன்பே, அவள் என் கைக்குக் கீழே புகுந்து அம்மாவிடம் ஓடிவிட்டாள்.