அந்த இரண்டாவது ஸ்டார் தனம் போட்டது

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்துக்குத் தனம் வரவில்லை. அவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்த மலைக்கிராமமான கரடியூரில் மழை பெய்தால் இணையம் போய்விடும். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஏற்காடு டவுன் வரை வந்து, தெரிந்த கடை ஒன்றில் உட்கார்ந்து சேர்ந்துகொள்வார். அன்றும் அப்படித்தான் என்று நினைத்துக் கூட்டத்தைத் தொடங்கிவிட்டோம். பாதியில் அவருடைய எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய கணவர் பெருமாள்.

“ஏனுங்க, சேகர் சாருங்களா? தனம் போயிட்டாளுங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னா. சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனமுங்க. பாதி மலை எறங்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க. ஆபீசுல எல்லார்த்துக்கும் நீங்களே சொல்லிருங்க.”

சொன்னேன். அதற்குப் பிறகு அன்று யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

நம் மெயின்ஃபிரேம் குழுவின் பழைய ஆட்களுக்குத் தனத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். நாம் எழுதும் நிரல்களையெல்லாம் லைப்ரரிகளில்தான் வைக்கிறோம். புதிய மென்பொருள் வந்தபோது ஒவ்வொரு லைப்ரரியின் பெயரையும் அதில் பதிய வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பெயர்கள். கையால் பதிய மூன்று வாரம் ஆகும் என்றார் ஆலோசனை சொல்ல வந்தவர். தனம் மைக்கைத் திறந்தார்.

“ஏனுங்க, எல்லாப் பேரும் ஒரே மாதிரிதானுங்களே இருக்குது? முதல்ல டீம் பேரு, நடுவுல டெஸ்டா வேறயான்னு, கடைசில என்ன வகைன்னு. நடுவுல ஒரு ஸ்டார் போட்டா அதுவே எல்லாத்தையும் புடிச்சுக்காதுங்களா?”

பிடித்துக்கொண்டது; எந்தப் பெயரானாலும் அந்த இடத்தில் போட்ட நட்சத்திரக் குறி (*) அதற்குப் பொருந்திவிடும். இரண்டே நாளில் வேலை முடிந்தது. ஒரே ஒரு குழுவின் பெயர்கள் மட்டும் எந்த ஒழுங்கிலும் அடங்கவில்லை. அவர்கள் பெயர்களை மாற்றட்டும் என்றார் ஆலோசகர். தனம் ஒப்பவில்லை. “அவங்க நொம்ப வருசமா இந்தப் பேர்லதானுங்க பொழச்சிட்டு இருக்காங்க. நாம நேத்து வந்தவங்க. அவங்களுக்குன்னு இன்னொரு வரி எழுதினா நமக்கென்னங்க கொறஞ்சு போயிரும்?”

இப்படிப்பட்டவர்தான் அந்தத் தவற்றையும் செய்தார்.

பழைய டெஸ்ட் லைப்ரரிகளை அழிக்க அவர் ஒரு வரி எழுதினார். ஒரு ஸ்டார் போட்டால் பெயரின் ஒரு பகுதி மட்டும் அகப்படும். இரண்டு போட்டால் அதற்குப் பின்னால் வருகிற அத்தனையும் அகப்படும். அவர் இரண்டு போட்டுவிட்டார். சரிபார்க்க வேண்டியவன் நான். எவையெல்லாம் அழியும் என்ற பட்டியலைக்கூட இணைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை, மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைத் திறக்காமலே ஒப்புதல் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை, இன்னொரு குழுவை நடத்தும் விமலாவும் அவருடைய ஆட்களும் வந்து பார்த்தபோது அவர்களுடைய லைப்ரரி இல்லை. கடைசி நகல் வியாழக்கிழமை எடுத்தது. வெள்ளிக்கிழமை நான்கு பேர் செய்த வேலை முழுவதும் போயிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் தனத்தின் அஞ்சல் எல்லோருக்கும் வந்தது. “அந்த இரண்டாவது ஸ்டார் நான் போட்டது. தவறு என்னுடையது.” என் பெயர் அதில் இல்லை.

மலையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் வந்த வினை இது என்று மேலாளர் முடிவு கட்டினார். அடுத்த மாதம் சென்னைக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றார். பெருமாளின் காப்பிச் செடிகள் கரடியூரில். மகள் ஏற்காட்டில் பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு எல்லாம் தெரியும். மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். நான்காம் நாள் தனத்தை அழைத்து, பட்டியலை நான் பார்க்கவே இல்லை என்று சொன்னேன்.

“தெரியுமுங்க. ஒப்புதல் போட்ட நேரமும் அதுலயே இருக்குதுங்களே. அனுப்பிச்ச நிமிசமே சரின்னுட்டீங்க.”

“அப்புறம் ஏன் சொல்லலைங்க?”

“என் தப்ப நான் சொல்லிட்டேனுங்க. உங்களுத நீங்கதானுங்க சொல்லோணும்.”

குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அரை மணி நேரத்தில் மேலாளர் முன்னால் போய் நின்றேன். பட்டியலைத் திறக்காததை அவரிடமும் சொன்னேன். “என் ரூமிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்களே பார்க்கவில்லையா?” என்றார் அவர். மலையைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது. எங்கள் இருவருக்கும் அழிக்கும் அனுமதி சில மாதங்கள் இல்லாமல் போனது. தனம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த வாரம் முழுவதும் விமலாவின் குழுவோடு அழைப்பிலேயே இருந்து, போனதைத் திரும்ப எழுதிக் கொடுத்தார்.

ஒருமுறை குடும்பத்தோடு ஏற்காடு போனபோது ஏரிக்கரையில் அறை எடுத்திருந்தோம். “ஊடு இருக்கறப்ப ரூமு எதுக்குங்க?” என்று சண்டை பிடித்துக் கரடியூருக்கு அழைத்துப் போய்ச் சாமை உப்புமா போட்டார். என் மகள் மூன்றாம் முறை கேட்டபோது, “இன்னுங் கொஞ்சம் போட்டுக்க கண்ணு, உங்கப்பன் பாக்க மாட்டாரு. அவருதான் எதையும் தொறந்தே பாக்க மாட்டாரே!” என்றார். என் மனைவிக்கு அது புரியவில்லை. நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

இறுதிச் சடங்குக்கு விமலாவும் வந்திருந்தார். திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் தனம் அவரை அழைப்பாராம். “இந்த வார வேலையெல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டு, வேறு பேச்சில்லாமல் வைத்துவிடுவாராம். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

போன வெள்ளிக்கிழமை மாலை நான் விமலாவை அழைத்து அதே கேள்வியைக் கேட்டேன். “இருக்கு சேகர், எல்லாம் பத்திரமா இருக்கு” என்றார். தனத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த அழைப்புதான். நாளை மறுபடியும் வெள்ளிக்கிழமை.