டாப்பை மூடிவிட்டு ஆணி அடி

குழந்தைகளா, போன ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் ஒரு மோட்டார் போனபோது, "நைனா, நம்ம வூட்ல யாருனா மோட்டார்ல போயிருக்காங்களா?" என்று சின்னவள் கேட்டாள். உங்கள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அப்போது பதில் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன். இதைப் பெரியவன்தான் மற்றவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், ஏனென்றால் மோட்டாரில் போனவன் அவன். பச்சைக் குழந்தையாக இருந்ததால் அவனுக்கு ஞாபகம் இருக்காது.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தேன். உங்கள் அம்மா பக்கத்திலேயே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பிரசவம் கஷ்டப்பட்டுத்தான் ஆனது. வீட்டுக்குப் போகலாம், ஆனால் ஜட்காவிலோ ரிக்‌ஷாவிலோ உடம்பு குலுங்கக் கூடாது, இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். உங்கள் அம்மாவுக்கோ அந்த வார்டில் தூக்கமே வரவில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம், "என்ன வூட்டுக்கு இட்டுக்கினு போ" என்று அழுவாள்.

பட்டறைக்கு யானைக்கவுனி ஜவுளிக்கடை முதலாளி ஒருவரின் கார் வந்திருந்தது. டாப்பை மேலே தூக்கினால் கூரை போட்ட வண்டி, பின்னால் மடக்கிப் போட்டால் திறந்த வண்டி. பின்னால் வந்த ஒரு மாட்டுவண்டி நிற்காமல் வந்து நுகத்தடியால் இடித்ததில், காரின் பின்தகடு நசுங்கிப் போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, எங்கள் மேஸ்திரி அடித்து வளைத்து வைத்திருந்த புதுத் தகட்டைப் பொருத்துவது என் வேலை. காலையில் முதலாளி பார்க்க வந்தபோது மேஸ்திரி என் கதையைச் சொல்லியிருக்கிறார். விளக்கு வைப்பதற்குள் வண்டி தயாரானால் போகிற வழியில் தாயையும் பிள்ளையையும் வீட்டில் இறக்கிவிடலாம், மறுநாள் வண்டி வெளியூர் போகிறது என்று முதலாளி சொன்னாராம். அதைக் கேட்ட பிறகு என் கை நிற்கவே இல்லை.

அந்தத் தகடு பின்சீட்டைச் சுற்றி வளைந்து இரண்டு பக்கமும் மட்கார்டு வரை வரும். அதன் மேல்விளிம்பு ஒரு மரச்சட்டத்தின் மேல் மடிந்து உட்காரும். டாப்பின் துணியும் பின்பக்கம் இறங்கி அதே சட்டத்தில்தான் முடியும். துணிக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரே வரிசை ஆணி. அதன் மேல் பித்தளைப் பட்டையைப் போட்டுவிட்டால் ஆணி இருக்கிற இடமே தெரியாது.

தகடு அழகாக உட்கார்ந்தது. மேஸ்திரி சாப்பிடப் போகும்போது, "டாப்ப மூடிட்டு ஆணி அடி" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் டாப்பை மடக்கிப் பின்னால் போட்டு, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து ஆணி அடித்தேன். பட்டையும் போட்டு முடித்தேன். அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

பிற்பகல் தூறல் ஆரம்பித்தது. நனையாமல் இருக்கட்டும் என்று நானும் காரோடு வந்திருந்த டிரைவரும் டாப்பைத் தூக்கினோம். முன்கண்ணாடிக்கு ஒரு முழம் இருக்கும்போது அது நின்றுவிட்டது. மடக்கி வைத்து இழுத்து அடித்ததால் துணி எட்டவில்லை. இன்னும் இழுத்தால் புதுத் தகட்டின் விளிம்பு சட்டத்தை விட்டு எழும்புகிறது. பச்சை உடம்புக்காரியைத் தலைக்கு மேலே கூரையில்லாத வண்டியில் ஏற்ற விடமாட்டேன் என்று என் மாமியார் காலையிலேயே சொல்லியிருந்தார்.

மேஸ்திரி திரும்பி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னாய்யா இது? மூடிட்டு அடின்னு தானே சொன்னேன்?"

"மூடிட்டுத்தான் மேஸ்திரி அடிச்சேன்."

"இதுவா மூடுறது? பொட்டிய மூடுன்னா மூடிய மேல போடுவியா, பின்னால தொங்கவுடுவியா?"

"கொடைய மூடுன்னா நீங்க இன்னா மேஸ்திரி பண்ணுவீங்க? மடக்கத்தானே செய்வீங்க?"

டிரைவர் என் கட்சி. பட்டறையின் தச்சு வேலைக்காரர் மேஸ்திரி கட்சி. ஜன்னலை மூடு, புத்தகத்தை மூடு என்று ஆளுக்கொன்று எடுத்துப் போட்டு நாங்கள் வழக்காடிக்கொண்டிருக்கும்போதே முதலாளி வந்துவிட்டார். மேஸ்திரி அவரிடமே நியாயம் கேட்டார்.

முதலாளி, "எங்க கடையில மூடுன்னா ஒரே அர்த்தம்தான். எல்லாரும் வூட்டுக்குப் போவாங்க. இங்க யாரும் போவ முடியாது போலக்கீதே" என்றார்.

மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். பிறகு ஆணிகளை ஒவ்வொன்றாகத்தான் பிடுங்க வேண்டும், அவசரப்பட்டால் துணி கிழியும் என்று முதலாளியிடம் விவரம் சொன்னார். டாப்பை அப்படியே மடக்கிப் போட்டு ஓட்டிக்கொண்டு போக முதலாளிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "புடுங்குங்க, குந்திக்கினு இருக்கேன்" என்றார்.

பட்டையைக் கழற்றி, குறடால் ஆணிகளைப் பிடுங்கி, டாப்பைத் தூக்கி நிறுத்தினோம். முன்பக்கத்தைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடிக்க ஒரு ஆள் குறைந்தது. யாரிடம் பேசுகிறேன் என்று பார்க்காமலே, "இத்த கொஞ்சம் புடி" என்று சொல்லிவிட்டேன். பிடித்தது முதலாளி. கடைசி ஆணி இறங்கும் வரை அவர் கையை எடுக்கவில்லை. முடிந்தபோது துணியைத் தட்டினால் மேளம் மாதிரி சத்தம் கேட்டது. தகடும் அசையவில்லை. விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டிருந்தது. முதலாளி வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் என் மாமியார் டாப்பை விரலால் குத்திப் பார்த்து, ஒழுகாது என்று என்னைச் சத்தியம் செய்ய வைத்துவிட்டுத்தான் ஏறினார். முன்னால் டிரைவரும் முதலாளியும். பின்சீட்டில் மாமியாரும் உங்கள் அம்மாவும், அவள் மடியில் பெரியவனே, நீ. நான் பக்கத்துப் படிப்பலகையில் தொற்றிக்கொண்டு நின்றேன். உங்கள் அம்மா கையைப் பின்னால் நீட்டிச் சட்டத்தைத் தடவிப் பார்த்து, "இது நீ செஞ்சதா?" என்று கேட்டாள். இரண்டு தரம் செய்தேன் என்றேன். தையல் வலிக்கிறது, சிரிப்பு மூட்டாதே என்றாள். நீ தூங்கிக்கொண்டே வந்தாய்.

அப்போது தண்டையார்பேட்டையில் குடியிருந்தோம். எங்கள் சந்துக்குள் மோட்டார் நுழையாது. முனையில் நிறுத்தியதும் சந்தே வெளியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஆரத்தி கொண்டுவந்து உங்கள் அம்மாவுக்கும் உனக்கும் சுற்றினாள். போதாதென்று என் மாமியார் தட்டை வாங்கி மோட்டாருக்கும் ஒரு சுற்றுச் சுற்றினார். முதலாளி சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனார்.

எல்லோரும் உள்ளே போன பிறகு நான் மட்டும் சந்து முனைக்கு வந்தேன். தூறல் விட்டிருந்தது. சேற்றில் மோட்டார் சக்கரத்தின் தடம் பூவேலை செய்த கரை மாதிரி பதிந்திருந்தது. காலையில் மாட்டுவண்டி வந்தால் அழிந்துவிடும். சுவரோரம் கிடந்த செங்கற்களில் இரண்டை எடுத்து வந்து, தடத்தின் இந்த முனையில் ஒன்றும் அந்த முனையில் ஒன்றும் வைத்தேன்.