வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்

எங்கள் ஊரில் ஒருவரைச் சாப்பிடாமல் அனுப்பினால் குடும்ப மானமே போய்விடும். கரண்டு மீட்டரைக் குறிக்க வருகிறவர்கூட இரண்டு தோசை தின்றுவிட்டுத்தான் மீட்டரைப் பார்ப்பார். இப்படிப்பட்ட ஊருக்கு, 'நாயை வெறும் வயிற்றோடு கூட்டிவாருங்கள்' என்று சொல்லி அனுப்பினார் ஒரு டாக்டரம்மா. பாவம், வெளியூர்க்காரராக இருக்க வேண்டும்.

எங்கள் நாய்க்கு ஒன்பது வயது. அடிவயிற்றில், காம்பை ஒட்டி, சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. காட்டினேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "கொழுப்பு" என்றார். எலுமிச்சை அளவுக்கு வந்தபோதும் கொழுப்புதான். நடக்கும்போது அது தரையில் உரச ஆரம்பித்ததும், நானே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு உக்கடம் தாண்டி அந்த டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தார், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார். இன்னும் பரவவில்லை, உடைவதற்குள் வெட்டி எடுத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு என்றார். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குமேல் ஒரு வாய் சோறு கூடாது, மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். நாய்க்கு ஆபரேசனாம். ஒன்பது வருசத்தில் அதை வாசற்படி தாண்டி உள்ளே விட்டதில்லை அந்த மகராசன்.

ஆபரேசன் அன்று டாக்டரம்மா கேட்டார், ஏதும் கொடுக்கவில்லையே என்று. பச்சைத் தண்ணீர்கூட இல்லைங்க என்றேன், பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று. முதல் ஊசி போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேசைமேல் கொட்டியது அத்தனையும் தயிர்ச்சோறு. அதில் கடுகு கிடந்தது. நாய்க்குத் தாளித்துப் போட்டிருக்கிறார்கள்!

டாக்டரம்மா அவசரமாக அதன் தலையைத் தாழ்த்திப் பிடித்து வாயைத் துடைத்தார். முழு மயக்கத்தில் இருந்திருந்தால் இந்நேரம் கதை முடிந்திருக்கும் என்றார். ஆபரேசனைத் தள்ளிவைத்தார். அடுத்து ஐந்து நாள் கழித்துத்தான் இடம் இருந்தது.

வீட்டுக்கு வந்து விசாரணை வைத்தேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் பச்சைக் குழந்தைகள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கடைசியில், ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைக்கப்போகிறேன், செய்தவரை அம்மன் பார்த்துக்கொள்ளட்டும் என்று சத்தமாக அறிவித்தேன். வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தான் அம்மணி. ஆஸ்பத்திரிக்குப் போற உசுரு. வெறும் வயித்தோட எப்படி அனுப்பறது?"

விடுவேனா? கருவேப்பிலை போட மறந்துட்டீங்களே என்றேன். அப்பளம் பொரிக்கலையா என்றேன். டாக்டரம்மாவுக்கும் ஒரு இலை போட்டிருக்கலாமே என்றேன். மூன்று நாள் இதே பாட்டு. நான்காம் நாள் கட்டியின் ஓரம் சிவந்து நீர் கசிந்தது. அதோடு என் பாட்டும் நின்றது. அன்று ராத்திரி பயத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஐந்தாம் நாள் அவரையும் காரில் ஏற்றிக்கொண்டேன். பாசத்தால் அல்ல, கண்முன்னால் இருந்தால் சமையல் செய்ய மாட்டார் என்றுதான். உள்ளே நாயைக் கொண்டுபோய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் ஒரு சத்தமும் இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தக் கதவைவிட்டு நகரவேயில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து, கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து எடுத்தாயிற்று, கண்ணைத் திறந்துவிட்டது என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வாங்க, எதிர்க்கடையில் ஒரு டீ குடிக்கலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். ஓரடி எடுத்து வைத்தவர் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற உடம்பு. பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒண்ணும் திங்கலை," என்றார். "அது பட்டினி கெடக்கறப்ப நான் எப்படி அம்மணி திங்கறது?"

காலையில் நான் ஐந்து இட்லி தின்றிருந்தேன். அதில் மூன்று, அவர் தட்டில் தொடாமல் கிடந்தவை. வீணாகப் போகிறதே என்று எடுத்துத் தின்றேனே தவிர, ஏன் தொடவில்லை என்று நான் கேட்கவில்லை.