முதல் அசையில் அடி

எழுபதுகளில் தேரடியில் நின்ற அந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரருக்கு ஒரு காதில் பாதி இல்லை. சண்டையில் தமிழில் கெட்ட வார்த்தை பேச மாட்டார். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்த ஹாலந்துக்காரன் ஒருவன் திட்டு என்று சொல்லிக்கொடுத்த ஒரே நீளச் சொல்லைத்தான் சொல்வார்: "லே-வன்ஸ்-ஃபர்-ஸே-க-ரிங்ஸ்-மாட்-ஸ்காப்-பை." அசைக்கு ஒரு குத்து. முதல் அசைக்கு முழு பலம், மற்றவை லேசாக. அந்தச் சொல்லுக்கு அழுத்தம் முதல் அசையில்தானாம்.

ஒருநாள் தன் சவாரியைத் தட்டிப் பறித்த லாட்ஜ் புரோக்கரை பஸ் ஸ்டாண்டில் பிடித்தார். "லே" என்றதிலேயே அவன் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். மீதியை, விழுந்தவன் மேல் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லி முடித்தார்.

நான் அந்த லாட்ஜில் குமாஸ்தா. அங்கே தங்கியிருந்த ஹாலந்துப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு அவரிடம் போனேன்.

"அண்ணே, அது திட்டு இல்லீங்க. ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனியாம்."

பீடியை அணைத்துவிட்டு யோசித்தார்.

"அழுத்தம் மொதல்லதானே? அது மாறலையே?"

"மாறலீங்க."

"அப்புறம் என்னா. அடி வாங்கறவன் அர்த்தமா கேக்கப்போறான்?"

இன்றைக்கும் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் யாராவது வாசலில் வந்து நின்றால், என் கை தானாக மூக்குக்குப் போகிறது.