வண்டிமுழுங்கி என்று பெயர் வைத்தவள்

வெயிலில் நின்ற பிளஷரின் கதவைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது காய்ந்த ரெக்சின் வாசனை, அதற்குப் பின்னால் பெட்ரோல், அதற்கும் பின்னால் வெளுத்த பேண்டேஜ் துணியின் மருந்து நெடி. எங்கள் அப்பா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை வாங்கிக் கட்டுக்கட்டாக ஏற்றி, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கொண்டுபோய் மருந்துக்கடைகளுக்குப் போட்டுவந்தார். அப்போது எங்கள் பக்கம் காரை யாரும் கார் என்று சொல்லமாட்டார்கள், "பிளஷர்" என்பார்கள். எங்களுடையது நாலைந்து பேர் ஓட்டிக் களைத்து, கடைசியில் அப்பா தலையில் கட்டிவிட்டுப் போன கருப்பு வண்டி. பின்கதவு ஒன்றைக் கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கும். ஆனாலும் தெருவில் இருந்த ஒரே பிளஷர் அது என்பதால், முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நடந்து போகிறவர்களை எல்லாம் ஐயோ பாவம் என்று பார்த்துக்கொண்டே போவேன். எனக்கு ஒன்பது வயது. படிப்பு மண்டையில் ஏறவில்லை, வாய் மட்டும் நன்றாக ஏறியிருந்தது.

அந்த வண்டிக்கு ஒரு சீக்கு உண்டு. ரேடியேட்டர் ஒழுகும். எங்கே புறப்பட்டாலும் முதலில் அதற்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும், அது என் பொறுப்பு. குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பம்பரில் ஏறி நின்று, செம்பு செம்பாக மொண்டு ஊற்றுவேன். "கைப்பிள்ளைக்குப் பால் குடுக்க மாதிரிட்டி, ஒரு நேரம் தவறப்படாது" என்று அப்பா சொல்வார். நானும் அதுவரை ஒரு நேரம் தவறவில்லை. இரண்டாவது கைப்பிள்ளை ஒன்று வீட்டுக்கு வருகிற வரைக்கும்.

அம்மா பிரசவத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கேதான் என் தங்கச்சி பிறந்தாள். கிருபை என்று பெயர் வைத்தார்கள். நாற்பது நாள் கழிந்ததும் தாயையும் பிள்ளையையும் கூட்டிவர அப்பா பிளஷரை எடுத்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடேறுவதற்கென்று அப்பாவின் அக்கா, என் அத்தை, கான்சாபுரத்திலிருந்து வந்திருந்தாள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். நாள் நேரம் பார்க்கக்கூடாது என்பது சபை விதி, அத்தையும் பார்க்கமாட்டாள். காலண்டரில் தேதி பார்க்கும்போது அதே தாளில் அச்சடித்திருக்கிற ராகுகாலம் அவள் கண்ணில் பட்டுவிட்டால் அதற்கு அவள் என்ன செய்வாள், பாவம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சாப்பாடு முடிந்து புறப்படுகிற நேரம் முன்சீட்டில் ஏறப் போனேன். அத்தை தடுத்துவிட்டாள். பிள்ளையோடு அவள்தான் முன்னால் உட்கார வேண்டுமாம். "நீ அக்காட்டி இனிமே. பின்னால ஏறு" என்றாள். அக்கா ஆனதில் எனக்குக் கிடைத்த லாபம் அன்றைக்கே தெரிந்துபோயிற்று. பின்சீட்டில் அம்மா, இரும்புப் பெட்டி, முறுக்குத் தகரம், பிரசவ மருந்துச் சாமான்கள், அதற்கு நடுவில் ஒரு மூட்டையாக நான்.

அப்பா வழக்கம்போல் தண்ணீர் ஊற்றச் சொன்னார். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தவள், அப்பா உள்ளே பெட்டியைத் தூக்கப் போன சமயம் பார்த்து, அதைச் சாக்கடையில் சாய்த்துவிட்டேன். வண்டியைக் கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அதற்கு முன் ஒருதடவை சிவகாசிப் பாதையில் வண்டி புகைந்து நின்று, எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு, சூடு ஆறியபிறகு தண்ணீர் ஊற்றி மறுபடி ஏறியது எனக்கு நினைவிருந்தது. அதே மாதிரி இன்றைக்கும் பாதி வழியில் புகைய வேண்டும், அத்தை பிள்ளையோடு இறங்க வேண்டும், திரும்ப ஏறும்போது முதல் ஆளாய் ஓடி நான் முன்சீட்டைப் பிடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். அப்பா வெளியே வந்து, "ஊத்திட்டியாட்டி?" என்று கேட்டார். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே, "ஊத்திட்டேன்ப்பா" என்றேன்.

நான் நினைத்தபடியே பாதி வழியில் புகைந்தது. நான் நினைக்காதது ஒன்று உண்டு. வண்டி நிற்கவில்லை. நிறுத்தலாமா என்று அப்பா கேட்டதற்கு, இன்னும் கொஞ்ச நேரத்தில் நேரம் கெட்டுவிடும், அதற்குள் பிள்ளையை வீட்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும் என்று அத்தை அவசரப்படுத்தினாள். அக்கா பேச்சை அப்பா தட்டமாட்டார். "தண்ணிதான் ஊத்தியாச்சே, போயிரலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதித்தார். அந்த "ஊத்தியாச்சே" என்ற சொல் பின்சீட்டில் இருந்த எனக்குக் கேட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். முறுக்குத் தகரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்ச தூரத்தில், அண்டா குண்டான் எல்லாம் படிக்கட்டில் உருண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு சத்தமே இல்லை.

பருத்தி ஏற்றிவந்த மாட்டுவண்டி ஒன்றில்தான் என் தங்கச்சி இராஜபாளையம் வந்து சேர்ந்தாள். நேரம் கெட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். மெக்கானிக் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. எஞ்சின் செத்துப்போச்சு. யாரோ ஊத்தாம விட்டிருக்காவ" என்றார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"ஊத்துனேல்லாட்டி?"

"ஊத்துனேன்ப்பா."

அப்பா மெக்கானிக் பக்கம் திரும்பி, "எம் பிள்ள பொய் சொல்லமாட்டா. இது வேற என்னமோ" என்றார்.

அந்த வேறு என்னமோவைத் தேடி அத்தை ரொம்ப தூரம் போகவில்லை. தொட்டிலில்தான் அது கிடந்தது. "பிள்ள வந்த நேரம் அப்படி" என்றாள். அப்பா என்னை நம்பாமல் இரண்டு அறை கொடுத்திருந்தால் அந்தப் பழி என்னோடு போயிருக்கும். அவர் நம்பினார், அதனால் பழிக்குப் போக்கிடம் இல்லாமல் நாற்பது நாள் குழந்தை தலையில் போய் உட்கார்ந்தது.

செத்த எஞ்சினைச் சரிபண்ண முடியாமல் பிளஷரைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டார்கள். அப்பா துணிக்கட்டுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். கண்டக்டர்கள் ஏசுவதைக் கேட்டுக்கொண்டு போவாராம். சாயந்தரம் வந்து அவர் சட்டையைக் கழற்றும்போது தோள்பட்டை சிவந்து கிடக்கும், நான் அந்தப் பக்கமே பார்க்கமாட்டேன்.

அந்த நாட்களில்தான் எதிர்வீட்டுப் பெண்கள் குழாயடியில் என்னை நிறுத்தி, எங்கேடி உங்கள் பிளஷர் என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்கு ஒரு பாப்பா வந்துச்சுல்லா, அது முழுங்கிருச்சு. அவ வண்டிமுழுங்கி" என்றேன். குடங்களை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சாயந்தரத்துக்குள் தெரு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அத்தைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிக்க வைக்கிறவளை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை என்று அன்று படித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று, இந்த ஒரு பாடம் இன்றுவரை நிற்கிறது.

கிருபைக்கு ஒரு வயது முடிந்தபிறகு அப்பா மதுரையிலிருந்து இன்னொரு பழைய வண்டி வாங்கிவந்தார். பால்கோவா நிறம், நான்கு கதவும் மூடும். சபைப் போதகர் வந்து ஜெபம் பண்ணி, காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அத்தை மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். பிறகு அப்பாவிடம், "மொத ஓட்டம் சின்னவ ஏறவேண்டாம்ப்பா. இந்த வண்டியாவது நெலைக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னாள். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். பால்கோவா நிறத்தைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிக் குதித்த பிள்ளையை அம்மா இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். வண்டி கிளம்பியது. முன்சீட்டில் நான். நான் ஆசைப்பட்ட இடம் எனக்குக் கிடைத்துவிட்டது.

என் கூட்டாளி ஒருத்தி கத்தோலிக்கப் பிள்ளை. செய்த தப்பைச் சாமியாரிடம் தனியாக முழங்கால் போட்டுச் சொல்ல வேண்டும் என்று அவள் பயந்து நடுங்குவாள். எங்கள் சபையில் அந்தத் தொல்லை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் பாவங்களை அறிக்கையிடுவோம், யார் பாவம் எது என்று ஒருவருக்கும் தெரியாது. கல்யாணப் பந்தியில் கூப்பிடாதவன் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி, என் பாவமும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக ஐம்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்துவிட்டது.

கிருபை அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், தையல் மிஷினோ பிரிட்ஜோ, சொந்தக்காரர் கடைத் திறப்போ, யாரும் சொல்லாமலே இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வாள். சின்னதில் அம்மா கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள், வளர்ந்தபிறகு இழுக்கக் கை தேவைப்படவில்லை. நான் அதற்கும் ஏதாவது கேலி சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

போன மாதம் என் மகன், இரண்டாவது பிள்ளை பிறந்து தொட்டில் சாமான் எதுவும் பழைய காரில் அடங்கவில்லை என்று அதைக் கொடுத்துவிட்டு ஏழு பேர் உட்காருகிற வண்டி ஒன்றை வாங்கினான். போதகர் ஜெபத்துக்கு வந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட கிருபையும் பஸ் ஏறி வந்திருந்தாள். எல்லோரும் வண்டியைச் சுற்றி நிற்க, அவள் கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றாள். மகன் அவளைக் கூப்பிட்டான். "நீங்க ஒரு சுத்து போயிட்டு வாங்கய்யா. நான் பொறவு ஏறிக்கிடுதேன்" என்றாள்.

அறுபது வயதை எட்டிப் பார்க்கிற, நரைத்த தலை. தெருவில் வெயிலில் நிற்கிறாள். போதகர், மகன், மருமகள், சம்பந்தி வீட்டார் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அன்னைக்கு நான் தண்ணி ஊத்தல. சாக்கடைல கொட்டிட்டு ஊத்துனேன்னு அப்பாட்டப் பொய் சொன்னேன். வண்டிய முழுங்குனது அவ இல்ல, நான்தான்."

அப்புறம், "அம்மா ஆரம்பிச்சிட்டாவ" என்று என் மகன்தான் முதலில் சிரித்தான். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். போதகரே தோள் குலுங்கச் சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன், அதற்கு இன்னும் சிரித்தார்கள். ஆயுசு முழுக்கக் கேலி பேசியவளுக்கு அவர்கள் வேறு எப்படி மரியாதை செய்வார்கள்?

கிருபை சிரிக்கவில்லை. வண்டி மற்ற எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுக்குப் போனபிறகு என் பக்கத்தில் வந்தாள்.

"எங்கிட்ட எதுக்குக்கா சொல்லுத? நான் அத என்னைக்கு நம்புனேன்? அம்மா நம்புனா. புதுசா எது வந்தாலும் அவ என்னையத்தான் பயந்து பயந்து பாப்பா. அதுக்காகத்தான் தள்ளி நின்னேன். சாகுத வரைக்கும் நம்புனா. அவகிட்டல்லா சொல்லியிருக்கணும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு பிள்ளைக்கு வெந்நீர் வைக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

இப்போது யாரும் பிளஷர் என்று சொல்வதில்லை, புறப்படும்போது யாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இல்லை. அப்பா இல்லை, அத்தை இல்லை. அம்மா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. கடைசிக் காலத்தில் அவள் என் வீட்டில்தான் இருந்தாள். தினமும் காலையில் காப்பியை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, ஊர்க்கதை ஒன்றைச் சொல்லி அவளைச் சிரிக்க வைப்பேன். புரையேறும் அளவுக்குச் சிரிப்பாள். தலையைத் தட்டிக் கொடுப்பேன். எத்தனையோ கதை சொன்னேன் அவளுக்கு. இதை ஒரு நாளும் சொல்லவில்லை.